மூன்றாம் தண்ணீர்

சைகோனில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் விழித்திருப்பது கிட்டத்தட்டக் குற்றம். சர்க்கார் கச்சேரிகளும் கடைகளும் அடைத்துவிடும். பூஸ்பூஸ் என்கிற கைவண்டி இழுக்கிறவன்கூடப் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே காலை மடக்கிப் படுத்துவிடுவான். காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து எட்டு மாதமாகியும் தெய்வயானைக்கு அந்தப் பகல் தூக்கம் மட்டும் கைகூடவில்லை. மரச்சன்னலின் பலகை இடுக்குகள் வழியாக வெயில் தரையில் கோடு கோடாக விழுந்து கிடக்கும். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் கட்டில் மெல்ல ஆடத் தொடங்கும். இன்னும் கப்பலைவிட்டு இறங்கவே இல்லையோ, இந்த வீடு, இந்தக் கல்யாணம் எல்லாம் கடல் மயக்கத்தில் தோன்றுகிறதோ என்றிருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் சேஷாசலம், தபால் கச்சேரியின் தலைமைக் குமாஸ்தா, குறட்டையிலும் உத்தியோகத் தோரணை குறையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டது. எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

முற்றத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, அரி குளித்துக்கொண்டிருந்தான். சேஷாசலத்தின் மூத்த தாரத்துப் பிள்ளை, பதினாறு வயது. பெயர் அரிகிருஷ்ணன். இந்த எட்டு மாதத்தில் அவளிடம் எண்ணி இருபது வார்த்தை பேசியிருப்பான். வீட்டுக்குள்ளேயே கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு திரிகிற பையன் அவன். எந்தப் புழுக்கத்திலும் சட்டையைக் கழற்ற மாட்டான். ஊரே தூங்கும் நேரம் பார்த்துத்தான் குளிக்கிறான் என்பது அவளுக்கு அந்தக் கணம்தான் தெரிந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். கழுத்துக்குக் கீழே தொடங்கி, தோள் முழுக்கப் பரவி, இடுப்பு வரை கொப்புளம் கொப்புளமாக. சில சிவந்து, சில சீழ் கட்டி, இடையிடையே கருந்தழும்புகள்.

தெய்வயானையின் தம்பி ஒன்பது வயதில் அம்மை கண்டு போனவன். வாழையிலையில் படுக்க வைத்திருந்த அந்தச் சின்ன முதுகு அவள் கண்ணைவிட்டு ஒருநாளும் போனதில்லை. நிதானமாகப் பார்த்திருந்தால் அவளுக்கே வித்தியாசம் தெரிந்திருக்கும். நிதானம் எங்கே வந்தது? கை தானாகக் குவிந்தது. “தாயே, மகமாயி!” என்றாள்.

பையன் திரும்பினான். சட்டையை எடுக்கக் கை நீண்டது, பாதியில் நின்றது. கும்பிட்ட கையோடு நிற்கிற சித்தியையே அவன் பார்த்தான்.

அதற்கு முந்தின ஒரு மாதமாக அந்த வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நேருக்கு நேர் பேச்சில்லை. அரிக்கு மூன்று வயதில் விஷக் காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் பதினாறாம் வயதில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அவனைப் பெற்றவள் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான், பெற்றவள்தான் இரண்டு வருஷத்தில் போய்விட்டாள். இந்த வருஷம் பதினாறு. காவடி என்றால் வெற்றுடம்போடு, இடுப்பில் மஞ்சள் வேட்டியோடு, செட்டியார் கோயில் வரை தெருத் தெருவாக நடக்க வேண்டும். தேர் பார்க்க வெள்ளைக்காரர்கள்கூட மாடியில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். “சட்டையைக் கழட்ட மாட்டேன்” என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது தன் தப்பு, பிள்ளைக்குத் தமிழனாக இருக்கவே வெட்கம் வந்துவிட்டது என்று சேஷாசலம் முடிவு கட்டிவிட்டார். “தொரை வீட்டுல பொறந்திருக்க வேண்டியவரு, வழி தவறி நம்ம வீட்டுல வந்து பொறந்துட்டாரு” என்று சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் குத்துவார். பையன் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான்.

“அரித் தம்பிக்கு அம்மா வந்திருக்கா” என்று தெய்வயானை புருஷனை எழுப்பிச் சொன்னதும் அந்த மனிதர் ஒரு நொடியில் மாறிப்போனார்.

“பள்ளிக்கூடத்துல அம்மை ஊசி குத்தினாங்களே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

“ஊசி பாத்தா அவ வர்றா?”

அதோடு சரி. முழங்கால் வரை தொங்கும் கோட்டை அப்போதே ஆணியில் மாட்டினார். முகச்சவரத்தை நிறுத்தினார். அடுப்படியில் தாளிப்பு நின்றது. அரியைப் பின்கட்டு அறையில் வாழையிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். சுகாதாரத் துரைக்குத் தெரிந்தால் வண்டி கொண்டுவந்து பிள்ளையைத் தூக்கிப்போய்த் தனிக் கொட்டகையில் போட்டுவிடுவான் என்று, பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுப்போக்கு என்று கடுதாசி போயிற்று. தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும், வெள்ளைக்காரர் ஒருவருக்கும் தெரியாது. சைகோனில் ரகசியம் என்றால் அந்த அளவுதான். சேஷாசலம் காலையும் மாலையும் அறை வாசலில் நின்று, உள்ளே பாராமல், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் துணி வெளுக்க வந்தாள் தூ. அந்த ஊரில் பெண்களைப் பிறந்த வரிசை எண்ணைச் சொல்லியும் கூப்பிடுவார்கள். தூ என்றால் நாலு. அவளுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே போகாதே என்று தெய்வயானை கையை ஆட்டியதை, வா என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு நேரே அறைக்குள் போய்விட்டாள். குப்புறப் படுத்திருந்த பையனைப் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள், பிறகு வெற்றிலைப் பல் தெரியச் சிரித்தாள். “முன்! முன்!” என்றாள் தன் பாஷையில். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். தலைக்கு மேல் கையை உயர்த்தி, தன் மகன் இவ்வளவு உயரம் என்றாள். அவனுக்கும் முதுகெல்லாம் இப்படித்தான் என்று தன் முதுகைச் சொறிந்து காட்டினாள். மறுநாள் ஒரு கூடை பாகல் இலை கொண்டுவந்து, கொதிக்க வைத்து ஆற வைத்துத் துடைக்க வேண்டும் என்று அடுப்பையும் பானையையும் துணியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காண்பித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு தெய்வயானை அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. முத்துகள் தண்ணீர் கோக்கவில்லை, வற்றவும் இல்லை. தழும்புகளோ பழையவை. மூன்று நாளாக உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததற்கு ஒரு வண்ணாத்தி பெயர் சொல்லிவிட்டாள். முகப்பரு. முகத்தில் நாலைந்தோடு போகாமல் பாவிப் பிள்ளைக்கு முதுகு முழுக்க வந்த பரு.

“எத்தினி நாளா இருக்கு தம்பி?”

“ரெண்டு வருஷமா.”

“நான் அன்னிக்கி அம்மானு சொன்னப்பவே இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

பையன் வாழையிலையின் நரம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். “பள்ளிக்கூடத்துல சட்டையத் தூக்கிப் பாத்துட்டானுங்க சித்தி. தேரைன்னு கூப்புடுறானுங்க. ஒருத்தன் எம்பக்கத்துல உக்கார மாட்டான்.” கொஞ்சம் நிறுத்தினான். “நீங்க பாத்துட்டுக் கையெடுத்துக் கும்புட்டீங்க.”

தெய்வயானை எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கம்மா நேந்துக்கிட்டது எனக்குத் தெரியும்” என்றான் அவன். “எடுக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. சட்டையோட எடுக்க வுடுவாங்களா?”

உண்மையைச் சொல்வதென்றால் அன்று சாயங்காலமே புருஷனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு நாள். அம்மை கண்ட பிள்ளையை யாரும் காவடி தூக்கச் சொல்ல மாட்டார்கள். நாள் கடந்துவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மகமாயியின் பெயரில் பொய் சொல்கிறோம் என்ற நடுக்கம் இருக்கத்தான் செய்தது. “கோவமிருந்தா எம்மேல காட்டு, புள்ளையத் தொடாத” என்று விளக்கின் முன் முணுமுணுத்துவிட்டு, பாகல் இலையை அடுப்பில் ஏற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் நாட்களாக நினைவு வைத்திருக்கவில்லை. எல்லாம் ஒரே நீண்ட பகலாகத்தான் இருந்தது. ஊர் அடங்கியதும் அவள் பின்கட்டு அறைக்குப் போவாள். பழைய வேட்டியைக் கிழித்த துணியை அந்த இலைத் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுப்பாள். முதல் நாள் தோளைக் குறுக்கிக்கொண்ட பையன் மறுநாள் குறுக்கவில்லை. பாகலின் கசப்பு வாசனை அறை முழுக்க நிற்கும். வெளியே புளிய இலை உதிர்கிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும். அவன் ஆற்றில் நிற்கும் கப்பல்களின் பெயர்களைச் சொல்வான், ஒவ்வொன்றும் எந்த ஊருக்குப் போகும் என்று சொல்வான். அவள் கேள்விப்பட்டிராத ஊர்கள். அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவன் நண்டு பிடித்தது, அரசலாற்றில் மூழ்கி மூழ்கி எழுந்தது, கடைசியில் தண்ணீர் கேட்டது. யாரிடமும் சொல்லாதவை. சொல்லிக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். அந்த ஊருக்கு வந்து அவள் தூங்கிய முதல் பகல் தூக்கம் அது. கண் விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. காரைக்காலா, கப்பலா? பையன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். முதுகில் சிவப்பு சற்றே தணிந்திருந்தது. பருக்கள் அப்படியேதான் இருந்தன. சன்னல் வெயில் கோடுகள் அவற்றின்மேல் விழுந்து கிடந்தன. அசிங்கமென்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு பிள்ளையின் முதுகு, அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் அவன்மேல் பொங்கிய பாசத்தில் அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

ஏழாம் நாள், அம்மை இறங்க ஊற்றும் மூன்று தண்ணீரில் முதலாவதை ஊற்றினாள். மறுநாள் இரண்டாம் தண்ணீர். இரண்டையும் கதவைச் சாத்திக்கொண்டு அவளே ஊற்றிவிட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் சேஷாசலம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“பூசத்தன்னிக்கிக் காலையில மூணாந் தண்ணி. அதோட காவடியத் தூக்கிற வேண்டியதுதான். கோயில்ல கேட்டுட்டேன். ஆத்தா எறங்கின ஒடம்பு, அந்தத் தழும்போடவே எடுக்கட்டும், அதவிடப் புண்ணியமில்லேன்னுட்டாங்க. தெருவே பாக்க வருது.”

தெய்வயானை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ஒளித்து வைக்கப்போய், ஊரையே கூட்டிவைத்துக் காட்டுகிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பையனிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. ஆனால் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “நீங்க எனக்காகத்தானே” என்றான். அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

பூசத்தன்று வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. அடுத்த வீட்டுக் காமாட்சி கூழ்ப் பானையோடு முதல் ஆளாக வந்து நின்றாள். பின்முற்றத்தில் மணை போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டாவைத் தெய்வயானை தூக்கிவைத்தாள். கதவைச் சாத்தப் போனவளைச் சேஷாசலம் தடுத்தார். பத்து நாள் தாடி. மேல்சட்டை இல்லை. தோளில் புது வெள்ளைத் துண்டு.

“மூணாந் தண்ணிய நான் ஊத்துறேன். அவனப் பெத்தவ இருந்தா அவ ஊத்துவா.”

அரி மணையில் உட்கார்ந்தான். சித்தியை ஒருமுறை பார்த்தான். பிறகு தானே போர்வையை நீக்கினான்.

இத்தனை நாளும் வாசலோடு நின்று கும்பிட்டவர் அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். “தாயே” என்றார். யாரிடமும் தலை குனியாத மனிதர்.

“அப்பா, கும்புடாதீங்க” என்றான் பையன். “இது அம்மா இல்ல. பருதாம்ப்பா. ரெண்டு வருஷமா இருக்கு. அதுக்குத்தான் சட்டையக் கழட்ட மாட்டேன்னேன்.”

“எம்மேலதாங்க தப்பு” என்றாள் தெய்வயானை. “மொதல்ல தெரியாம சொன்னேன். அப்பறம் தெரிஞ்சும் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

குவிந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. வாசலில் பெண்களின் பேச்சு கேட்டது, யாரோ குலவையிட்டார்கள். சேஷாசலம் அவளைப் பார்க்கவில்லை. பையனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தாள், ஊரைக் கூட்டிக் கத்துவார் என்று நினைத்தாள். எதற்கும் தயாராக இருந்தாள்.

“ரெண்டு வருஷமாவா?” என்றார்.

பையன் தலையசைத்தான்.

“எரியுதா?”

அரியின் தோள் குலுங்கியது. சேஷாசலம் குனிந்து செம்பை எடுத்தார். மொண்டார். உச்சியில் ஊற்றாமல், கைக்குழியில் வாங்கி வாங்கி, கழுத்திலிருந்து கீழே வழியவிட்டார். மூன்று செம்பும் அப்படியே. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, பழக்கமில்லாத கையால், ஒற்றி ஒற்றித் துடைத்தார்.

“அண்ணே, முடிஞ்சுதா? அம்மா எறங்கிட்டாளா?” என்று வாசலிலிருந்து காமாட்சி கூப்பிட்டாள்.

“வரேன்” என்றார் அவர். துண்டை ஒருமுறை உதறினார். அதில் அங்கங்கே இளஞ்சிவப்பாகவும் மஞ்சளாகவும் புள்ளிகள் ஊறியிருந்தன. அதைப் பார்த்தார், அப்படியே தன் வெற்றுத்தோளில் போட்டுக்கொண்டார். தெருக்கதவின் தாழ்ப்பாளை நோக்கி அவர் நடந்தபோது அந்த ஈரம் அவர் முதுகில் மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.