இரண்டு கரைக்கும் ஒரு மிஸ்

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த றிஸ்லா, சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு கணவரோடு கட்டாருக்குப் போய்விட்டாள். அரச ஊழியர்கள் வெளிநாடு போய் உழைக்கலாம், வேலை அப்படியே இருக்கும் என்று சுற்றறிக்கை வந்திருந்த காலம் அது. போகுமுன் கிளினிக் சாவியைச் சுதர்சனாவிடம் கொடுத்தாள். சுதர்சனா வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், அதே வேலை பார்ப்பவள்.

சுகாதார அலுவலகத்துக்குப் பொறுப்பான டொக்டர் அகீலா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஆள் போடுறவரைக்கும் அங்காலயும் நீங்களே பாருங்க சுதர்சனா. பதில் கடமைக்குரிய கொடுப்பனவுக்கு நான் எழுதுறன்.”

ஆள் வரவில்லை. றிஸ்லா வேலையை விடாததால் பதவி வெற்றிடம் என்று காட்டவும் வழியில்லை. சுதர்சனா காலையில் தன் பக்கத்துக் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டியோடு பாதையில் ஏறி அக்கரைக்குப் போவாள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் அந்தத் தட்டைப் படகுக்கு ஊரில் பாதை என்றுதான் பெயர். காற்று எழும்பினால் அது ஓடாது. அப்போது பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும். அதற்கும் பெற்றோல் அவளுடையது.

மாரி முடிந்து வெயிலும் வந்தது. சம்பளச் சீட்டில் எந்த மாற்றமும் இல்லை. அலுவலகத்தில் சம்பள வேலை பார்க்கும் நிஸ்தாரிடம் போய்க் கேட்டாள்.

“மிஸ், உங்களுக்குப் பதில் கடமைக் கடிதம் மேல இருந்து வரல்ல. கடிதம் இல்லாம நான் ஒண்டும் போடேலா.”

“அப்ப நான் கிழமைக்குக் கிழமை அங்கால போறது என்ன?”

“அது நீங்க கவனிக்கிற. பதில் கடமை இல்ல.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஒண்டுக்குச் சல்லி இரிக்கி. மத்ததுக்கு இல்ல.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதனால் அவரோடு சண்டை பிடிக்கவும் அவளால் முடியவில்லை.

இரண்டு கரைக்கும் கிளினிக் புதன்கிழமைதான். அக்கரைக் கிளினிக்கை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிப் பலமுறை கேட்டிருந்தாள். பார்ப்போம் என்றார்களே தவிர ஒருவரும் மாற்றவில்லை. முதலில் இங்கே முடித்துவிட்டு மத்தியானம் அங்கே ஓடுவதுதான் வழக்கமாகியிருந்தது. ஒரு புதன்கிழமை கச்சான் காற்று பலமாக அடித்தது. பாதையை நிறுத்திவிட்டார்கள். அவள் பாலத்தால் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் வாசலில் ஒருவரும் இல்லை. காத்திருந்த பெண்கள் திரும்பிப் போயிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி தெய்வமணி, தலைப்பிள்ளைக்காரி. கால் வீங்கி, தலையிடியோடு வந்து, பூட்டிய கதவடியில் இருந்துவிட்டுப் போனவள். அடுத்த நாள் விடியக்காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. கணவன் வேலன் ஓட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். மாதம் நிறையாத பிள்ளையைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

அடுத்த கிழமை நிஸ்தார் ஒரு கடிதத்தை நீட்டினார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. ‘பதில் கடமையாற்றும் குடும்பநல உத்தியோகத்தர் என்ற வகையில்’ நடந்ததற்குத் தாங்கள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. சுதர்சனா நின்றபடியே வாசித்துவிட்டு நேராக டொக்டரின் அறைக்குப் போனாள்.

“டொக்டர், சம்பளம் கேட்டா நான் பதில் கடமை இல்லையாம். இதுல நான் பதில் கடமையாம். எது உண்மை?”

“மேல இருந்து கேக்காங்க சுதர்சனா. ஆரிட பேரையாவது எழுதத்தானே வேணும்.”

“சம்பளத்துக்கு எழுதக் கிடைக்காத பேர் பிழைக்கு மட்டும் கிடைச்சிட்டா?”

அழுதுவிடுவோமோ என்று பயந்து, அக்கரைச் சாவியை மேசையில் வைத்தாள்.

“எழுத்துல தாங்க. தந்தா போறன். அதுவரைக்கும் என்ட பக்கத்த மட்டும்தான் பாப்பன்.”

அந்தக் கிழமை அவளுக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. அக்கரைப் பெண்கள் மாறி மாறி ஃபோன் எடுத்தார்கள். “மிஸ், ஊசிக்கு எங்க போற?” என்று ஒருத்தி கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். சொன்ன பிறகு தன்மேலேயே ஆத்திரம் வந்தது. யார்மேல் வர வேண்டிய ஆத்திரம் அது என்று நினைக்க இன்னும் கூடியது.

புதன்கிழமை அக்கரைக்குப் போக வேறு ஆள் இல்லாமல் டொக்டர் அகீலாவே போனார். வெயிலுக்குள் பாதைக்குக் காத்து நின்றார். கிளினிக்கில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு விட்ட ஏச்சு எல்லாவற்றையும் கேட்டார். திரும்பி வரும்போது துறையடியிலிருந்தே மேலிடத்துக்கு ஃபோன் எடுத்துச் சத்தம் போட்டாராம். நிஸ்தார்தான் சொன்னார்.

கடிதம் வந்தது. ஆனால் அன்றைய திகதியிலிருந்துதான் பதில் கடமை. முன்பு ஓடிய மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. விளக்கம் கேட்டதை வாபஸ் வாங்கவும் இல்லை, எச்சரிக்கையோடு முடித்து அவளுடைய கோவையில் மற்றக் கடிதங்களோடு கோத்துவிட்டார்கள். கடமையை ஏற்றதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி டொக்டர் நீட்டிய பேனையைச் சுதர்சனா மேசையில் வைத்தாள்.

“அக்கரைக் கிளினிக்க வெள்ளிக்கிழமைக்கு மாத்துங்க. அப்பதான் கையெழுத்து.”

“மாத்துறன்” என்றார் டொக்டர். அவள் கண் முன்னாலேயே மாற்றி எழுதினார்.

அடுத்த நாள் அவள், பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்ட தெய்வமணியைப் பார்க்கப் போனாள். வேலன் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொல்லவில்லை.

“அண்டைக்கு ஏன் மிஸ் வரல்ல?”

சுற்றறிக்கை, கடிதம் என்று சொல்ல வந்ததெல்லாம் அந்த வாசலில் வாய்க்கு வரவில்லை.

“ஒரே நாள்ல ரெண்டு கரையிலயும் கிளினிக். காத்துக்குப் பாதையும் ஓடல்ல.”

“ரெண்டுக்கும் ஒராளா? அப்பிடி ஆரு வெச்ச?”

றிஸ்லாவா, டொக்டரா, நிஸ்தாரா? ஒரு பெயரைச் சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நல்லது என்று இருந்தது. “தெரியா” என்றாள். அது உண்மைதான்.

வேலன் வழி விட்டான். தராசில் வைத்துப் பார்த்தாள், பிள்ளையின் நிறை கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனாலும் போதாது. தெய்வமணி பிள்ளையை வாங்கிப் போர்த்திக்கொண்டே கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை நீங்க வருவீங்களா மிஸ்?”

“வருவன். அண்டைக்கு எனக்கு உங்கட பக்கம் மட்டும்தான்.”

நிறையை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. அடுத்த வளவில் இன்னொரு கர்ப்பிணி வேலியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காக நின்றாள்.