இயந்திரம் எண்ணிய வெள்ளை அணுக்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அதனால் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை அறைக்குள் யாரும் சும்மா எட்டிப் பார்ப்பதில்லை. அன்று காலை பதினோரு மணிக்கு ஒருவர் மட்டும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாடி வார்டில் இருந்த, பிறந்து இரண்டு நாளான பெண் குழந்தையின் அப்பா.

“ரிப்போர்ட் வந்தா வீட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. கார் வேற வந்து நிக்குது. இன்னும் எவ்ளோ நேரம்?”

“நின்னா காருக்குக் கால் வலிக்காது. போய் உக்காருங்க,” என்றேன்.

உட்காரவில்லை. மறுபடி தட்டினார். இயந்திரம் தந்த தாளில் வெள்ளை அணுக்கள் ஒன்பதாயிரத்து இருநூறு. பச்சைக் குழந்தைக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் வரம்புக்குள். தொல்லை விட்டால் போதும் என்று கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் குழந்தைகளின் ரிப்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது என்பது இந்த அறையில் நானே போட்ட சட்டம்.

பிறகுதான் ரத்தம் தடவிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

சிவப்பு அணுக்களில் ஏகப்பட்டவை இன்னும் விளையாமல் உட்கருவோடு இருந்தன. பிறந்த குழந்தைக்கு அப்படி ஒன்றிரண்டு இருக்கும். உடம்பு திண்டாடும்போதுதான் இப்படி விளையாததையெல்லாம் வெளியே தள்ளும். உட்கரு இருந்தால் எங்கள் பழைய இயந்திரம் அதையும் வெள்ளை என்றே எண்ணிவிடும். நான் நூறு வெள்ளை அணுக்களை எண்ணி முடிப்பதற்குள் இந்தப் போலிகள் எண்பத்து நான்கு. அந்த விகிதத்தில் போலிகளைக் கழித்தால் உண்மையான எண்ணிக்கை ஐயாயிரம். அதிலும் கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டிய அணுக்களில் பாதிக்கு மேல் முதிராதவை.

பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் பெரும்பாலும் எண்ணிக்கை ஏறும். பிறந்த குழந்தைக்குக் கையிருப்பே கொஞ்சம். அது தீர்ந்து இறங்கும்போதுதான் நடுங்க வேண்டும். காய்ச்சல்கூட வராமல் போகும்.

குழந்தை டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். ஆபரேஷன் அறையில் இருக்கிறார், உடனே சொல்கிறேன் என்றாள் நர்ஸ். வார்டைக் கூப்பிட்டேன். “இப்பதான் லிஃப்ட்ல இறங்கினாங்க.”

ஓடினேன். வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் அம்மா, மடியில் குழந்தை. என்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

“ரத்தம் உறைஞ்சிடுச்சு. இன்னொரு தடவ எடுக்கணும்.”

“அப்ப இந்த ரிப்போர்ட் யாரோடது? ஒழுங்கா வேல பாக்கத் தெரியாதா? பச்ச மண்ண எத்தன தடவதான் குத்துவீங்க?” என்று கத்தினார் அப்பா.

வேறு நாளாயிருந்தால் நான் ஒன்றுக்குப் பத்தாகக் கொடுத்திருப்பேன். “தப்பு என்னோடதுதான் சார். ரெண்டே நிமிஷம்,” என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே கார் கதவைத் திறந்துவிட்டார்.

என் அறையில் குழந்தையின் குதிகாலைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. குத்தினேன். அழவில்லை. காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. அம்மா குழந்தை முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“காலைலேர்ந்து பாலே குடிக்கல. தூக்கம்னு நெனச்சேன்,” என்றாள்.

அப்பாவின் கையில் அந்த ரிப்போர்ட் கசங்கியது.

டாக்டர் வந்தார். ஸ்லைடை ஒரு நிமிடம் பார்த்தார். குழந்தையைத் தொட்டார். “உடனே அட்மிட் பண்ணுங்க. என்ன கிருமின்னு பாக்கக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்ததும் மருந்த ஆரம்பிச்சிடுங்க,” என்றார்.

அரை மணி நேரத்தில் அந்தக் குச்சிக் கையில் மருந்து ஏறத் தொடங்கியது. அப்பா காரைத் திருப்பி அனுப்பப் போயிருந்தார். நான் வார்டுக் கதவோரம் நின்றிருந்தேன்.

“அக்கா, ரத்தம் ஒண்ணும் உறையலதானே?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

“பொய் சொன்னீங்க.”

“ஆமா.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க.”

ஊரையே வாயால் விரட்டுகிற நான், கிட்டே போய்ச் சில்லென்றிருந்த அந்தக் குதிகாலை என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.