இசபெல் மலருக்கு ஒரு கேக்

கேக்கின்மேல் ஒட்டவேண்டிய படத்தை வட்டமாக வெட்டுவதற்காகக் கணினியில் பெரிதாக்கியபோது யோகமலர் முதலில் கண்டது ஒரு கையை. குழந்தையின் வயிற்றைச் சுற்றி அணைத்திருந்த ஓர் ஆணின் கை. மணிக்கட்டுக்கு மேலே வளைவாக, பளபளவென்று ஒரு பழைய சூட்டுத் தழும்பு. கேக் கடை தொடங்கிய வருடம், பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து, சொல்லச் சொல்லக் கேளாமல் சூடான கேக் தட்டைத் தொட்ட பிள்ளையின் கையைக் குழாய்த் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். படத்தை மெல்ல மேலே நகர்த்தினாள். மகன் துவாரகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

குழந்தை அவனுடைய சிநேகிதர் ஒருவரின் பிள்ளையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பக்கத்தில் ஒரு பிலிப்பீனோப் பெண் அவன் தோளில் தலை சாய்த்திருந்தாள், அங்கேயே சாய்ந்து பழகியவளைப் போல. குழந்தையின் காதுகள் சற்று முன்பக்கம் மடிந்திருந்தன. துவாரகன் பிறந்தபோது அதே காதுகளைத்தான் அவள் தினமும் எண்ணெய் பூசி நீவி விட்டாள். யோகமலர் கதிரையைத் தேடி உட்கார்ந்தாள்.

மகன் நாலு மணிநேரத் தூரத்தில், ஒட்டாவாவில் வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டிக் கதைப்பான். "இஞ்ச சரியான ஸ்னோ அம்மா" என்று போன கிழமை கூடச் சொன்னான். கேக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய விலாசமோ ஏஜெக்ஸில் இருந்தது. ஸ்காபரோவில் இருக்கும் இந்தக் கடையிலிருந்து இருபது நிமிட ஓட்டம்.

ஓடர் தந்த பெண்ணின் குரல் இப்போது அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. லிகாயா என்று பெயர் சொன்னவள், கேக்கில் எழுதவேண்டியதை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இசபெல் மலர். முதலாவது பிறந்தநாள்.

"மலர் எங்கட ஆக்களின்ர பேரல்லோ?" என்று யோகமலர் சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டிருந்தாள்.

"ஓம். தகப்பன் வச்ச பேர்."

"படத்தில வேற ஆக்கள் நிண்டால் குழந்தையை மட்டும் வெட்டி எடுக்கட்டோ?"

"வேண்டாம். முழுப்படமும் வேணும். நீங்களே வடிவாப் பாத்துச் செய்யுங்கோ."

யோகமலர் அதே இலக்கத்துக்கு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் லிகாயா, காத்திருந்தவளைப் போல.

"இது என்ர மகன்" என்றாள் யோகமலர்.

"தெரியும். தெரிஞ்சுதான் உங்களிட்டத் தந்தனான்." அவள் குரல் உயர்ந்தது. "இண்டைக்குச் சொல்லுறன், நாளைக்குச் சொல்லுறன் எண்டு உங்கட மகன் இழுத்துக்கொண்டே போறான். அம்மாவை நினைச்சாப் பயமாம். என்ர மகள் என்ன, ஒளிச்சு வைக்கிற சாமானோ? நானும் ஒரு தாய்தானே. எனக்கும் கோவம் வரும்."

யோகமலர் திரையில் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மணிக்குக் கொண்டாட்டம். கேக் வரவேணும். நீங்கள் வாறதும் வராததும் உங்கட விருப்பம்."

பின்கதவால் கணவர் சிவநேசன் முட்டைத் தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு கடைக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். பிறகு முட்டைகளைப் பார்த்தார். கடைசியாகத்தான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இந்தப் படத்தைக் கண்டு திடுக்கிடாத ஒரு மனிதனோடு இத்தனை நாளும் ஒரே பாத்திரத்தில் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"பிள்ளை பிறந்த அண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனனான்."

"சுபாங்கிக்கு?" மூத்த மகள்.

"அவளும் வந்தவள்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"ஆர் உனக்குச் சொல்லுறது?" அவர் தட்டுகளை இறக்கி வைத்தார். "உன்ர தங்கச்சின்ர மகள் வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டேக்க நீ என்ன சொன்னனி? எங்கட வீட்டில இப்பிடி ஒண்டு நடந்தா நஞ்சு குடிச்சுச் சாவன் எண்டு. துவாரகன் இந்த மேசையில இருந்து கேட்டவன்."

யோகமலர் நினைத்துப் பார்த்தாள். அந்தக் கல்யாணம் நினைவில் இருந்தது. போகாமல் விட்டதும் தங்கச்சி போனில் அழுததும் நினைவில் இருந்தன. இந்த வார்த்தை மட்டும் இல்லை. எங்கே நின்று சொன்னாள்? மாவு குழைத்தபடியா? வாடிக்கையாளரிடம் காசு வாங்கியபடியா?

"அது வாயில வந்ததைச் சொன்னதப்பா. சும்மா சொன்னது."

"உனக்குச் சும்மா."

 அவள் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"நடக்கிறாளே?"

"போன கிழமை ரெண்டடி வச்சவள். மூண்டாவதுக்கு என்ர காலைப் பிடிச்சிட்டாள்." சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை. ஒரு வருடப் பொய்யைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு வலித்தது.

கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. கேக்கைச் சமப்படுத்தி, வெண்ணெய்க் கிரீம் பூசி, படம் அச்சிட்ட சீனித்தாளை மேலே விரித்தாள். காற்றுக்குமிழ் இல்லாமல் உள்ளங்கையால் தடவி ஒட்டவேண்டும். எத்தனையோ பேருடைய பிள்ளைகளின் முகங்களை யோசிக்காமல் தடவிய கை, இந்த மூன்று முகங்களுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு பதிந்தது. பெயர் எழுதும்போது 'மலர்' கோணிப் போயிற்று. சுரண்டிவிட்டு மறுபடி எழுதினாள். அதுவும் கோணல்தான்.

"தா, நான் கொண்டுபோறன்" என்றார் சிவநேசன்.

"நீங்கள் ஒரு வருசமாப் போறியள்தானே. இண்டைக்குக் கடையைப் பாருங்கோ."

ஏஜெக்ஸில் அந்த வீட்டுப் படிகளில் பனி உறையாதிருக்க உப்புத் தூவியிருந்தார்கள். உள்ளே பாட்டும் சிரிப்பும் கேட்டன. வரும் வழியெல்லாம் மகனிடம் கேட்பதற்கென்று அவள் அடுக்கி வைத்த கேள்விகளில் ஒன்றுகூட இப்போது கையில் இல்லை. பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்ததால் மணியை அழுத்த முடியவில்லை. சப்பாத்து நுனியால் கதவைத் தட்டினாள். ஒருதரம். இன்னொருதரம்.

கதவைத் திறந்தவன் தலையில் கடதாசித் தொப்பி இருந்தது. இடுப்பில் குழந்தை. அவனுடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"அம்..."

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். யோகமலர் வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். வெளிக்குளிரில் உறைந்திருந்த மூக்குக் கண்ணாடி, வீட்டுச் சூட்டில் ஒரே கணத்தில் ஆவி படிந்து வெண்மையாகிவிட்டது. மகனைத் தெரியவில்லை, அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. துடைப்பதற்குக் கையும் இல்லை. எவரும் பெட்டியை வாங்க வரவில்லை. அந்த வெள்ளைக்குள், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு குழந்தை தனக்குத் தெரிந்த மொழியில் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.