வெளியே தெரிந்த முடிச்சு

கடையில் அவளுக்குப் பெயர் காலேஜ்காரி. வைத்தவர் வேறு யாருமில்லை, கட்டிய கணவர்தான். நாற்பத்திரண்டு வயதில் இலக்கியம் படிக்கிறேன் என்று தபால்வழிக் கல்விக்கு அவள் விண்ணப்பம் வாங்கி வந்த அன்று, காலர் வெட்டிக்கொண்டிருந்த தையற்காரக் கணவர் நிமிர்ந்து பார்த்து, "அப்போ இனிமே பட்டன் யார் தைக்கிறது, காலேஜ்காரி?" என்றார். பட்டனையும் விடவில்லை, படிப்பையும் விடவில்லை அவள். தேர்வு மாதங்களில் மட்டும், பட்டன் தைக்க வேண்டிய துணிக்கூடை என்னவோ பாதி காலியாகவே இருக்கும். கேட்டால், "இப்பல்லாம் எல்லாம் ஜிப்புதான்டி" என்பார்.

ஐந்து வருடத்தில் அந்தப் பத்தடிக் கடைக்குள் எத்தனை பேர் வந்துவிட்டார்கள்! ஒரு நாவலில், முப்பது வருடம் ஒரே ரயிலில் வேலைக்குப் போன குமாஸ்தா, ஓய்வு பெற்ற மறுநாளும் பழக்கதோஷத்தில் அதே ரயிலில் ஏறிவிடுகிறான். அதைப் படித்துவிட்டு யாருடைய பேண்ட் மீதோ அவள் மூக்கைச் சிந்த, "அது நாளைக்குக் கொடுக்க வேண்டியது, கர்ச்சீப் இல்ல" என்று பிடுங்கிக்கொண்டார் கணவர். ஒரு நாடகத்தில் வேலைக்காரிக்கு மூன்றே வசனம். ராஜாவும் ராணியும் மறந்துபோனார்கள், அந்த மூன்று வசனம் மட்டும் அவளோடு தங்கிவிட்டது. தனக்கு யாரும் பெரிதாக எதுவும் கொடுத்துவிடவில்லை என்று முன்பெல்லாம் முணுமுணுப்பாள். இவ்வளவு பேர் வந்து போன பிறகு அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கடைசியில் சிக்கல் ஒரு படத்தில் வந்தது. இறுதி ஆய்வுக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட பழைய படம். மனைவி இறந்தபின் மகனோடு பேச்சையே நிறுத்திவிட்ட ஒரு அப்பா. வீட்டில் இரண்டே பேர். கடைசிக் காட்சியில் மகன் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வெளியூர் கிளம்புகிறான், அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று எழுதாத விமர்சகர் இல்லை. அவளும் அதையே அறுபது பக்கத்துக்கு எழுதினாள். பேராசிரியை சிவப்பு மையில் ஒரு வரி போட்டுத் திருப்பி அனுப்பினார்: "இதில் ஏழு விமர்சகர்கள் பேசுகிறார்கள். நீங்கள் என்ன பார்த்தீர்கள்?"

படிப்பை முடிக்க ஐந்து வருடம்தான் கெடு. அது அந்த மாதத்தோடு தீர்ந்தது. இன்னொரு முறை திரும்பினால் பட்டம் கிடையாது, படித்த அத்தனையும் பாழ். வார இறுதி வகுப்புகளில் உடன் படித்தவர்கள் வக்கீல்கள், ஆசிரியைகள். அவர்களிடம் அவள் 'சொந்தத் தொழில்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். பட்டன் தைக்கிறவளுக்கு இதெல்லாம் எட்டாது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மதியம் கடையைச் சாத்திவிட்டு, நூல்கண்டுப் பெட்டிமேல் போனைச் சாய்த்துவைத்துப் படத்தைப் பதின்மூன்றாம் முறையாகப் போட்டாள். தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் கணவர். மகன் ஊருக்குக் கிளம்பும் ரயிலடிக் காட்சி வந்தது.

"நிறுத்து, நிறுத்து."

"ஏங்க, இது அழுற கட்டங்க."

"நீ அழு, யாரு வேணாம்னா? அந்த ரெண்டாவது பட்டனைப் பாரு. கறுப்புக் கோட்டுல பழுப்பு நூலு! முடிச்சு வேற வெளிய தொங்குது. இவ்ளோ பெரிய படம் எடுக்குறானுங்க, ஒரு உருப்படியான டெய்லர் கிடைக்கலயா?"

அவள் படத்தை முதலுக்கு ஓட்டினாள். முதல் காட்சியில் அதே கோட்டில் இரண்டாவது பட்டன் இல்லை. இருபது வருடமாகப் பட்டன் தைக்கிறவள், பன்னிரண்டு முறை பார்த்தும் கோட்டை விட்டிருக்கிறாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?"

"அப்பாதாங்க தைச்சிருக்கார்."

"யார் அப்பா?"

"படத்துல வர்ற அப்பாங்க. அந்த வீட்டுல வேற யாரு இருக்கா? வாயைத் தொறந்து பேச முடியல. அதான் ராத்திரியோட ராத்திரியா தைச்சு மாட்டியிருக்கார்."

அவர் கொஞ்ச நேரம் மென்றார். "அதானே பார்த்தேன். தொழில் தெரிஞ்சவன் கை இல்ல அது" என்றார்.

ஏழு விமர்சகர்களையும் வாசலோடு அனுப்பிவிட்டு, கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள்.

நேர்முகத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குநுனிக் கண்ணாடியோடு பக்கங்களைப் புரட்டினார். "ஏம்மா, படப்பிடிப்புல இந்த மாதிரி ஆயிரம் கவனக்குறைவு நடக்கும். யாரோ அவசரத்துல ஒரு பட்டனைத் தைச்சிருப்பாங்க. அதுமேல இவ்ளோ பெரிய மாளிகை கட்டலாமா?"

பேராசிரியை தலை குனிந்துகொண்டார். ஐந்து வருடமும் கண்முன்னால் நழுவுவது அவளுக்குத் தெரிந்தது.

"சார், படக் கம்பெனி டெய்லர் எவ்ளோ அவசரத்துலயும் இப்படித் தைக்க மாட்டார். தூக்கத்துல தைச்சாலும் கை முடிச்சை உள்பக்கம்தான் போடும். ஒண்ணு, அந்த அப்பாவா நடிச்சவரையே தைக்க வெச்சிருக்கணும். இல்லன்னா, மோசமாத் தைங்கன்னு டெய்லர்கிட்ட சொல்லியிருக்கணும். எப்படிப் பார்த்தாலும் அது கவனக்குறைவு இல்ல சார்."

"அவ்ளோ உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"நான் பட்டன் தைக்கிறவ சார். இருபது வருஷமா."

சொன்னபின்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். தன் சட்டைக் கையைத் திருப்பி மணிக்கட்டுப் பட்டனைப் பார்த்தார். முடிச்சு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. "இது நானே தைச்சது" என்றார் மெதுவாக. பேராசிரியை அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். தேர்வாளரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நன்றியுரை மட்டும் சேர்த்து பைண்ட் செய்து தரச் சொன்னார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். மாலையில் கடைக்கு வந்தபோது கணவர் மிஷினைவிட்டு நிமிரவில்லை.

"என்னாச்சு?"

"பாஸ்."

"ம்" என்றார். காது மட்டும் சிவந்தது. அவள் பைண்ட் செய்த புத்தகத்தை நீட்டினாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நன்றியுரையைப் படித்தார்.

"நான் படித்த நூல்களுக்கும் பார்த்த படங்களுக்கும் நன்றி. பட்டனைப் பார்க்கச் சொன்ன என் கணவருக்கு நன்றி. நான் தேர்வுக்குப் படித்த மாதங்களில் என் கூடையில் பாதியை எனக்குத் தெரியாமல் அவரே தைத்துவைத்தார். எனக்கு இன்னும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்."

அவர் புத்தகத்தை மூடினார். "எப்போ கண்டுபிடிச்ச?"

"அந்தப் படம் பார்த்த அன்னிக்குச் சாயங்காலம். பட்டனுக்கு அடியில நூலை நீங்க சுத்துற சுத்து நாலுங்க. என் சுத்து மூணு. அஞ்சு வருஷமா பார்க்காம இருந்திருக்கேன்."

"வேலை கிடக்குது" என்று மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு விறுவிறுவென்று மிதிக்க ஆரம்பித்தார். துணி நகர்ந்தது, ஊசி ஏறி இறங்கியது. ஊசியில் நூல் இல்லை. அவள் பார்த்தாள், ஆனால் சொல்லவில்லை. பட்டன் கூடையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.