செங்கோடன் சொல்ல வந்தது

பாலைக் காற்று மணலை வாரி வந்து கிடங்குகளின் தகரக் கூரைமேல் தூவ, வெயில் சாய்ந்தும் வெம்மை சாயாத ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், துபாயின் அல் கூஸ் பகுதித் தொழிலாளர் விடுதியில், கொடிகள்தோறும் நீலச் சட்டைகள் களைத்த மாந்தரைப்போல் தலைதொங்கி உலர்ந்துகொண்டிருந்தன. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அது. வாரத்தின் ஒரே ஓய்வுநாளாகிய அன்று அருள்முருகன் கைப்பட எழுதும் இதழ் அறைக்கு அறை கைமாறும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சோறு ஆறுவதையும் மறந்து கேட்பர்.

அவ்விதழில் வளர்ந்துவந்த தொடர்கதையின் கொடியவன், செங்கோடன் என்னும் கோட்டைக் காவலன். புண்பட்டு ஒளிந்திருந்த தோழனை அரசனிடம் காட்டிக்கொடுத்தவன். அவன் யாரைக் குறிக்கிறான் என்று அவ்விடுதியில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவ ஆய்வில் காசநோய் தெரிந்தால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவரே என அஞ்சி, இருமலை மறைத்துக் கிடந்தான் அருள்முருகனின் அறைத்தோழன் பாலகுரு. அதை மேலாளரிடம் உரைத்தவர், அதே அறையில் உறைந்த யாழ்ப்பாணத்து வல்லிபுரம். சில நாளில் பாலகுரு ஊர் அனுப்பப்பட்டான். அன்றுமுதல் அறையின் பொதுச் சமையலில் வல்லிபுரத்துக்கு இடமில்லை. கட்டிலில் சுவரை நோக்கி அமர்ந்து தனியே ரொட்டி தின்றார்.

"என்ன செங்கோடரே, அடுத்து யாரப் புடிச்சுக் குடுக்கப் போறீக?" என்றான் முனியசாமி, மீன்குழம்பைக் கிளறியபடி. அறை சிரித்தது.

வல்லிபுரம் அவனைப் பாராமல், அருள்முருகனிடம் ஒரு தாளை நீட்டினார்.

"தம்பி, உம்மட கதையில செங்கோடனுக்கு வாயே இல்லை. அவன் சொல்லுறதை நான் எழுதிக்கொண்டு வந்தனான். போட்டுவிடும். அதுக்குப் பிறகாவது இவையளோட ஒண்டா இருந்து சாப்பிடலாம் எண்டு ஒரு ஆசை."

அருள்முருகன் நின்றபடியே படித்தான்.

'அவன் துண்டில் குருதி கண்டேன். சொல்லாதே என்று காலைப் பிடித்தான். பத்து நாள் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். என்னை வைவதற்காவது அவன் உயிரோடிருக்கட்டும். அதே அறையில் மூச்சுவிடும் எனக்கும் அச்சமிருந்தது, அதை மறைக்கவில்லை.'

நன்றாயிருந்தது. தான் எழுதியதினும் நன்றாயிருந்ததே அவனுக்கு உறுத்திற்று. ஊரார் செங்கோடனைக் கல்லெறிந்து கொல்லும் காட்சியை அவன் முன்னமே எழுதி முடித்திருந்தான். கொடியவன் வாய்திறந்தால் எறிய நீளும் கைகள் தாழ்ந்துவிடும்.

"அடுத்த தடவ பாப்போம்ணே," என்று தாளை மடித்துப் பெட்டியில் வைத்தான்.

அடுத்த இதழில் செங்கோடன் கல்லடிபட்டு மாண்டான், அறைகள் கைதட்டின. அவ்வாரமே வல்லிபுரம், தாமே கேட்டு, அபுதாபியில் வேறொரு பணியிடத்துக்கு மாறிப்போனார். எந்த விடுதி என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏழு திங்கள் கழித்துப் பாலகுரு ஊரிலிருந்து அழைத்தான். அனைவரும் கேட்க, முனியசாமி கைப்பேசியின் ஒலியைக் கூட்டினான்.

"தேறிட்டேண்ணே. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நெஞ்சே அரிச்சுப் போயிருக்கும்னாரு டாக்டரு. அந்தப் பாவி மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா, இந்நேரம் உங்க கூடத்தான் இருந்திருப்பேன்."

அழைப்பு முடிந்ததும் முனியசாமி கைப்பேசியைக் கீழே வைத்தான். "சோத்தப் போடுங்கப்பா," என்றான். யாரும் எழவில்லை.

அவ்வாரம் அருள்முருகன் பெட்டியிலிருந்த வல்லிபுரத்தின் தாளை ஒரு சொல்லும் மாற்றாமல் படியெடுத்து இதழில் சேர்த்தான். அறைதோறும் படித்தனர், கைதட்டல் எழவில்லை. கற்றறிந்தோரே, கதைக்கொரு கொடியவன் வேண்டியிருந்தது. அடுத்த கட்டிலில் உறங்கியவரை அவன் எடுத்துக்கொண்டான். அவர் பேச வந்த அன்று செவிகொடுத்திருந்தால், ஒரு தட்டுச் சோற்றோடு தீர்ந்திருக்கும். இனி எத்தனை படி எடுத்தாலும் என்ன, அதைக் கையில் வாங்க வேண்டியவர் எந்த மணல்வெளியின் எந்த அறையில் சுவரை நோக்கி உண்கிறாரென்று அறிந்தவர் அங்கே ஒருவரும் இலர்.