யாரோ என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்

இலவசம் என்று யாராவது வாயைத் திறந்தால் நான் முதலில் என் கைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது. மாநில அரசாங்கம் புதிதாக மாற்றியமைத்த இலவச மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு, பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து ஜனமே ஓடிப்போய்ப் பதிந்தது. நான் மட்டும் போகவில்லை.

பிறகு என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அட்டை இருந்தால் தனியார் கிளினிக்கில் ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம் என்று அங்கிருந்த நர்சுகள் சொன்னார்கள். என் அம்மா இதே கட்டியில்தான் போனார். பயம் வந்த பிறகு பிடிவாதம் எங்கே நிற்கும்? ஐசியை, அதான் அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு தோட்ட மண்டபத்துக்குப் போனேன்.

அங்கே பதிவு செய்ய உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ஷர்மினி. என் எண்ணைக் கணினியில் தட்டியவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“ஆண்டி, ஒங்க பேரு ஏற்கெனவே இருக்கு லா. வேற ஒருத்தரோட கார்டுல தங்குங்கானா போட்டிருக்காங்க.”

தங்குங்கான். அதாவது இன்னொருவர் தாங்க வேண்டிய ஆள். புருஷன் போன பதினோரு வருடமாகச் செம்பனை நாற்றுப் பைகளுக்கு மண் அள்ளிப் போட்டுத் தனியாகப் பிழைப்பவள் நான். சுள்ளென்று ஏறியது.

“நான் யாருக்கும் தங்குங்கான் இல்ல. எவன் போட்டது?”

“லைன் போயிருச்சு ஆண்டி, பேரு வரமாட்டேங்குது. நாளைக்கு வாங்க.”

வழியெல்லாம் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். போன தீபாவளிக்கு உதவிப் பொருள் வாங்கித் தருகிறேன் என்று எல்லாருடைய ஐசி நகலையும் வாங்கிப் போனவள் பக்கத்து வீட்டு விஜயராணி. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

“என் ஐசிய எவங்கிட்டக் குடுத்த?”

“அன்னிக்கு ஒங்க மருமகன், இன்னிக்கு நானா, நவமணிக்கா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருடத்துக்கு முன் என் சங்கிலி காணாமல் போனது. அன்று வீட்டுக்கு வந்திருந்தவன் மருமகன் சத்தியசீலன் ஒருவன்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திருடன் என்றேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். அவன் பின்னாலேயே என் மகள் லோகேஸ்வரியும் போனாள். இப்போது ரவாங்கில் இருக்கிறார்கள். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை, நானும் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களைத் தாண்டிப் போய் நின்றேன்.

“பேரச் சொல்லும்மா. நேரா போலீசுக்குத்தான் போறேன்.”

ஷர்மினி திரையைப் பார்த்தாள். “சத்தியசீலன், ரவாங். மாமியார்னு போட்டிருக்காரு.”

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். எதற்கு அடி போடுகிறான்? வீட்டுக்கா? அது தோட்ட நிர்வாகத்தின் வீடு. நகைக்கா? அதுதான் போய்விட்டதே.

“இதுல அவனுக்கு என்ன கெடைக்கும்?”

“அவருக்கு ஒண்ணும் இல்ல ஆண்டி. முந்தி பொண்டாட்டி புள்ளைங்களுக்கு மட்டும்தான். இந்த வருஷம் ரூல மாத்தி, அப்பா அம்மா, மாமனார் மாமியாரையும் சேக்கலாம்னு சொல்லிட்டாங்க. மொத நாளே ஒங்களப் போட்டிருக்காரு. கிளினிக்கும் ஒங்களுக்குக் கிட்டத்துல உள்ளதாப் பாத்து எடுத்திருக்காரு.”

கட்டி விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஷர்மினி ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். “ஆனா ஒங்களக் கேக்காம போட்டது தப்புதான். இதுல எழுதிக் குடுத்தா கேன்சல் பண்ணிரலாம். புதுசா பதிய மூணு மாசம் ஆவும். என்னன்னு எழுதட்டும்? ஒங்க ஐசிய இவரு திருடிட்டாருன்னா?”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கார்டு வாங்க வந்த விஜயராணியும் நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“எம் மாப்பிள்ள எதையும் திருடலம்மா.”