திட்டாமல் விட்ட சீசன்

கரீமுல்லா ஹாக்கி ஆட்டத்தை விட்டுவிட்டான் என்ற செய்தி கண்டக்டர் நெடுஞ்செழியனுக்கு பஸ்ஸில்தான் கிடைத்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து வடபழனி போகிற வண்டி, காலை நேரம், படிக்கட்டு வரைக்கும் கூட்டம். லஸ் முனையில் முண்டியடித்து ஏறிய டெய்லர் அப்துல் கய்யூம், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் சேதியைச் சொன்னார்.

"நெடுஞ்சு, தெரியுமா? கரீமு ரிட்டையராம். பேங்க் டீமுக்கு எழுதிக் குடுத்துட்டானாம்."

விசிலை வாயில் வைத்த நெடுஞ்செழியன் ஊதவில்லை. வண்டி அப்படியே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார்.

"எவன் சொன்னான்?"

"அவங்க கோல்கீப்பரே சொன்னாம்பா. என் கடைலதான் பேண்ட் தைக்கறான்."

"சீசன்ல இன்னும் மேட்ச் கீதே! பாதில எவனாவது போவானா?"

"அத்த என்னக் கேட்டா?" என்றார் கய்யூம். அதற்குள் பின்னாலிருந்து நாலு பேர் சத்தம் போடவே நெடுஞ்செழியன் விசிலை ஊதினார். அன்றைக்கு அவர் குரலில் உயிர் இல்லை. ஆழ்வார்பேட்டையில் இறங்க வேண்டியவர்கள் சிலர் தேனாம்பேட்டையில் இறங்கித் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

அந்தக் குரல்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து. முன்வாசலில் நின்று பேசினால் பின்சீட்டில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை தேடுவான். அப்படிப்பட்ட குரலை ஓய்வு நாளில் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நந்தனம் மைதானத்துக்குக் கொண்டுபோவார். கிரிக்கெட் என்றால் ஊரே லீவு போடும். ஹாக்கி லீக் பார்க்க வருகிறவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம், அதிலும் இரண்டு சீட் காலியிருக்கும். ஆனால் அந்த ஒரு வேன் ஆட்கள் இருக்கிறார்களே, ஒருத்தர்கூட மழைக்கு எழுந்து போகமாட்டார்கள்.

விளையாட்டுக் கோட்டாவில் பேங்கில் சேர்ந்து, கோலுக்கு முன்னால் தடுத்தாடுகிற பேக்காகக் கரீமுல்லா வந்தபோது கழுத்தெலும்பு தெரிகிற பையன். முதல் ஆட்டத்திலேயே பந்தைக் கோட்டைவிட்டான். "டேய் கரீமு! ஆட வந்தியா, பிரியாணிக்கு வந்தியா? பால் அங்க போது, நீ இன்னா பராக்கு பாத்துக்கினு கீற?" என்று நெடுஞ்செழியனின் குரல் மைதானத்தைத் தாண்டிப் போனது. பையன் திரும்பவில்லை. கையிலிருந்த ஸ்டிக்கை மட்டும் ஒரு சாண் தூக்கிக் காட்டினான். அடுத்த பந்தை ஃபார்வர்டின் காலடியிலிருந்து உருவி எடுத்தான். நெடுஞ்செழியன் சொக்கிப்போய்விட்டார், அன்றோடு அவர் கரீமுல்லாவின் ஆள்.

பதினைந்து வருஷம் இதுதான் நடந்தது. இவர் திட்டுவார், அவன் ஸ்டிக்கைத் தூக்குவான். நன்றாக ஆடினாலும் திட்டு உண்டு. எதற்கு இன்னும் நன்றாக ஆடவில்லை என்று. வேறு யாராவது கரீமுல்லாவை ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் சட்டையைப் பிடித்துவிடுவார். அந்த உரிமையைத் தன் பேரில் பட்டா போட்டு வைத்திருந்தார். இத்தனைக்கும் ஒருநாள்கூட அவனிடம் போய்ப் பேசியதில்லை. ஆட்டக்காரனிடம் போய்ப் பல்லிளிப்பது ரசிகனுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. "அந்தாளு உனக்கு மாமனா மச்சானா?" என்று அவர் மனைவி தேவானை கேட்டுக்கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

இந்த சீசனில்தான் அது நடந்தது. ஒரு காலேஜ் பையன் பந்தோடு வந்தான். கரீமுல்லா திரும்புவதற்குள் அவனைத் தாண்டிப் போய்விட்டான். வலது முட்டி மடங்கவில்லை. நெடுஞ்செழியன் எழுந்து நின்று வாயைத் திறந்தார். முப்பத்தைந்து தாண்டிய மனுஷன், காலை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், இவனை எந்த வாயால் திட்டுவது? பாவமாக இருந்தது. உட்கார்ந்து கை தட்டினார்.

"பரவால்ல நைனா! வுடு, பரவால்ல!"

அதோடு விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிவைத்தார், இனிமேல் கரீமு பந்தைத் தொட்டாலே தட்ட வேண்டும் என்று. தட்டினார்கள். போன வாரம், எதிரே ஆளே இல்லாத ஒரு பந்தை அவன் சும்மா வெளியே அடித்தான். அதற்கும் மொத்த வரிசையும் தட்டியது. அப்போதுதான் கரீமுல்லா முதல்முறையாகத் திரும்பி, வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, அவர்கள் பக்கம் ரொம்ப நேரம் பார்த்தான். ஸ்டிக்கைத் தூக்கவில்லை. நெகிழ்ந்துபோய்விட்டான் என்று நெடுஞ்செழியன் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து தேவானையிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

ஷிஃப்ட் முடிந்து கணக்கை ஒப்படைத்த கையோடு, காக்கிச் சட்டைகூட மாற்றாமல் தி. நகரில் கரீமுல்லா வேலை பார்க்கிற பேங்குக்குப் போனார். ஒரே எண்ணம்தான்: மிச்ச ஆட்டங்களையாவது ஆடச் சொல்ல வேண்டும், எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் சத்தமில்லாமல் எழுந்து போகிற ஆள் இல்லை கரீமுல்லா. அப்படிப் போனால் இவருக்குத் தூக்கம் வராது.

பேங்கில் பாஸ்புக் பதிகிற கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜெர்சி இல்லாமல் பார்த்ததில்லை என்பதால் அது கரீமுல்லா என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வரிசையில் நின்றார். முறை வந்தது.

"பாஸ்புக்?" என்று நிமிராமலே கை நீண்டது.

நெடுஞ்செழியனுக்கு அந்த பேங்கில் கணக்கே கிடையாது. "கரீமு" என்றார், முடிந்தவரை மெதுவாக.

பேனா நின்றது. கரீமுல்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த முகத்தையும் காக்கிச் சட்டையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நீங்களா அது?" என்றான். "பஸ்லயா வேலை? அந்தக் குரலுக்கு நான் போலீஸ்னு நினைச்சுக்கினு இருந்தேன்."

பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். வராந்தாப் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் நின்றார்கள். நெடுஞ்செழியன் வந்த விஷயத்தைக் கொட்டினார். அனுபவம் என்றார், டீமுக்கு வேறு பேக் யார் என்றார், அவசரப்பட்டுவிட்டாய் என்றார். கரீமுல்லா டீ கிளாஸை வாங்கிக்கொண்டு கேட்டான்.

"டாக்டர் போன வருஷமே நிறுத்தச் சொன்னாருண்ணே. நம்பல. கோச் இந்த வருஷம் சொன்னாரு. அவருக்கு வேற யாரையோ உள்ள எடுக்கணும், அதான் சொல்றாருன்னு நெனச்சேன். வீட்லயும் சொன்னாங்க. வீட்ல எப்பவுமே சொல்றதுதானே." டீயை ஒரு வாய் குடித்தான். "அப்புறம் நீங்க கை தட்டுனீங்க."

நெடுஞ்செழியனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எத்தினி வருஷம்ணே! ஒருநாளாவது பரவால்லன்னு சொல்லியிருப்பீங்களா? நீங்க திட்டுனா, இவன் இன்னும் ஆடுவான்னு ஒருத்தர் நம்பிக்கினு கீறாருன்னு அர்த்தம். அன்னிக்கு ஆளே இல்லாத பாலுக்கு எல்லாரும் தட்டுனீங்க பாருங்க, இனிமே நம்மளால ஆவாதுன்னு தெரிஞ்சிபோச்சு. மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன்."

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நெடுஞ்செழியனுக்குக் கண் எரிந்தது. பாவப்பட்டுச் செய்த காரியம், ஊரையே சேர்த்துக்கொண்டு செய்த காரியம். யார் அனுப்பியும் போகாதவனைத் தன் கையாலேயே தட்டி அனுப்பியிருக்கிறார்.

"தப்புதாம்பா" என்றார். "வுடு அத்த. ஞாயித்துக்கெழம மேட்ச்ல ஆடு. நான் பழையபடி திட்றேன். மைதானமே கிழியுற மாதிரி திட்றேன்."

கரீமுல்லா கிளாஸைக் கீழே வைத்தான். "என்னைப் பாத்து சொல்லுங்க. பாவம்னு தோணாம, மனசாரத் திட்டுவீங்களா? அப்ப வந்து ஆடறேன்."

கேட்டது விளையாட்டுக்கில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். 'திட்டுவேன்' என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவன் மைதானத்தில் இருப்பான். நெடுஞ்செழியன் வாயைத் திறந்தார். நாள் முழுக்கக் கத்திக் காசு வாங்குகிற மனுஷனுக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையை விட்டு வரவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்த கைதான் கண்ணில் நின்றது. தலையை ஆட்டினார், இல்லை என்று.

கரீமுல்லாவுக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியானவன்போலக் கடையின் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து, வலது காலை நீட்டிவைத்தான். இரண்டு கையாலும் முட்டியை அழுத்திக்கொண்டான்.

"ரொம்ப வலிக்குதுண்ணே" என்றான். "யார்கிட்டயும் சொன்னதில்ல."

"தெரியும்பா" என்று நெடுஞ்செழியன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.